பின்சீட்டு

“கிளட்சை மெதுவா விடு, மெதுவா, மெது…” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வண்டி ஒருமுறை குலுங்கி, இருமல் வந்ததுபோல இன்னொரு முறையும் குலுங்கி, அணைந்துபோனது. முன்னால் இருந்த இரண்டு தலைகளும் ஒரே சமயத்தில் முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வந்தன. பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு முன்சீட்டுகளுக்கும் இடையே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த அவருடைய மோவாய் மனைவியின் சீட்டில் இடித்தது. மகள் சாவியைத் திருப்பினாள். கியரில் இருந்தபடியே திருப்பினாள். வண்டி தவளைபோல ஒரு தாவு தாவி நின்றது.

“நியூட்ரல்!” என்று கத்தினார் அவர். “எத்தனை தடவைதான் சொல்றது? முதல்ல நியூட்ரல், அப்புறம் சாவி. கையால ஆட்டிப் பாரு. லூசா ஆடினா நியூட்ரல், ஆடலைன்னா கியர்ல இருக்கு. இதுல என்ன கஷ்டம் உனக்கு?”

“சரிப்பா.”

இந்த ‘சரிப்பா’தான் அவருக்குத் தாங்கவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால்கூடப் பரவாயில்லை, திருப்பி நாலு வார்த்தை திட்டி மனசை ஆற்றிக்கொள்ளலாம். இவளோ எதைச் சொன்னாலும் சரிப்பா என்றுவிட்டு அடுத்த நிமிஷம் அதே தப்பை அச்சுப் பிசகாமல் செய்கிறாள். வீட்டில் அவளுக்கு மின்னல் என்று பெயர். குளிக்கப் போனால் தொட்டித் தண்ணீர் தீரும்வரை வெளியே வரமாட்டாள், மற்றவர்கள் தெருமுனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் இரண்டாவது செருப்பை மாட்டுவாள் என்பதால் அவர்தான் எப்போதோ வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்த பெண். கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இந்த மூன்று மிதிகளும் ஒரு கம்பும் மட்டும் அவளுக்கு எப்படித்தான் பிடிபடாமல் போகிறதோ என்று அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாய்ந்துபோனார்.

கிடங்குகள் வரிசையாக இருக்கும் பகுதி அது. ஞாயிறு காலையில் எல்லா ஷட்டர்களும் இறங்கி, பார வண்டிகள் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைகள் மட்டும் காய்ந்து கிடக்கும். அகலமான சாலை. மோதுவதற்கு ஒரு கம்பம்கூடப் பக்கத்தில் இல்லை. இதைவிட வசதியாக ஒருத்திக்கு யார் இடம் பிடித்துத் தர முடியும்?

உண்மையில் அவர் பின்சீட்டில் இருக்க வேண்டிய ஆளே இல்லை. ஓட்டிப் பழகுகிறவர் பக்கத்தில் உரிமம் உள்ள ஒருவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். அந்த வீட்டில் இப்போது ஓட்டத் தகுதி உள்ளவர் என்றால் அவருடைய மனைவி மட்டும்தான். மருந்துக்கடையில் வேலை செய்பவள் அவள். கல்யாணத்துக்கு முன்பு எப்படியோ உரிமம் வாங்கிவிட்டாள். வீட்டுக்கும் கடைக்கும் தவிர வேறெங்கும் ஓட்டியதில்லை. ரிவர்ஸ் எடுக்கத் தேவையில்லாத இடம் கிடைக்கும்வரை கடையைச் சுற்றிச் சுற்றி வருவாள், கிடைக்காவிட்டால் அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து போவாள். மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பதை அந்த வண்டி அவள் கையில் மறந்தே போயிருக்கும். அந்த மனுஷிதான் இப்போது முன்சீட்டில், கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, சட்டப்படியான ஆசிரியராக உட்கார்ந்திருந்தாள். ஓட்டத் தெரிந்தவர் பின்னால்.

கடைகளில் இருக்கும் பெரிய குளிர்பெட்டிகளைப் பழுது பார்ப்பது அவருடைய தொழில். காலையில் கருவிப் பெட்டியை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினால் ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் திரும்புவார். ஓட்டுவது அவருக்கு ஒரு வேலையாகவே தோன்றியதில்லை. கால் தன்பாட்டுக்கு மிதிக்கும், கை தன்பாட்டுக்குத் திருப்பும், மனம் அடுத்த கடையில் என்ன கோளாறாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கும். இந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தவர், கண் திறந்தபோது தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். தலைக்கடியில் சோபாத் தலையணை. பக்கத்தில் டீத்தூள் கொட்டிக் கிடந்தது. மகள் போனைக் காதில் வைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டில் அவளும் அவரும் மட்டும்தான். இடையில் நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

நரம்பு டாக்டர் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, வலிப்பு என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த ஒரு வருஷத்துக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, ஏணியில் ஏறக் கூடாது என்றார். வேலையிடத்தில் அவரை மேசையில் உட்காரவைத்து ஒரு போனைக் கொடுத்தார்கள். “சத்தம் வருதா? என்ன மாதிரி சத்தம்? கொஞ்சம் போனைப் பக்கத்துல வைங்க” என்று காதாலேயே வைத்தியம் பார்க்கும் வேலை. அவருடைய வேன் வேறொருவர் கைக்குப் போனது. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடமெல்லாம் இடுப்பு வலி என்று சொல்லிவைத்தார். இடுப்பு வலி என்றால் ஆளாளுக்கு ஒரு தைலம் சொல்வார்கள், அத்தோடு போய்விடும். மற்றதைச் சொன்னால் பார்க்கிற பார்வையே மாறிவிடும். தன் மனைவியிடம்கூட அவர் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. ‘அது’ என்பார். ‘அது வந்தன்னிக்கு’ என்பார்.

மகளுக்கு உரிமத்துக்கான வயது வந்ததும் மறுவாரமே அவளை அழைத்துக்கொண்டு போய் விண்ணப்பித்தார். கல்லூரி திறக்க இன்னும் மாதங்கள் இருந்தன. அவள் ஓட்ட, தான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மறுபடி கடைகடையாகப் போய்வரலாம் என்று முதலாளியிடம் பேசியும் வைத்திருந்தார். முதலாளி மறுக்கவில்லை. “உங்க பொண்ணு லைசென்ஸ் வாங்கட்டும், பாக்கலாம்” என்றார். அந்தப் ‘பாக்கலாம்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் ஞாயிறுகளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

“பேசாம டிரைவிங் ஸ்கூல்ல சேத்துவிட்டுரலாம்ங்க” என்றாள் மனைவி இப்போது, முன்னால் பார்த்தபடியே.

“நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எவனோ ஒருத்தன்கிட்டயா?”

“குத்துக்கல் கத்தாதுங்க.”

மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அவர் அதைக் கவனித்தார், கவனிக்காததுபோல் இருந்தார். “ம், எடு. நியூட்ரல். சாவி. கிளட்ச். ஃபர்ஸ்ட். இப்ப மெதுவா… ம், ம், அப்படித்தான்.” வண்டி நகர்ந்தது. நகர்ந்து கொஞ்ச தூரம் நேராகவும் போனது. “செகண்ட் போடு” என்றார். போட்டாள். ஷட்டர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஆனால் அதற்குள் அவள் கண் தலைக்கு மேலே இருந்த கண்ணாடிக்குப் போய்விட்டது. உடனே வண்டி ஓரம் சாய்ந்தது.

“ரோட்டைப் பாரு ரோட்டை! கண்ணாடியில அப்படி என்னதான் இருக்கு? பின்னால எவன் வர்றான்? எப்பப் பாத்தாலும் கண்ணாடி, எப்பப் பாத்தாலும் கண்ணாடி. மூஞ்சி பாக்கவா வந்த?”

“இல்லப்பா.”

“பின்ன?”

அவள் பிரேக்கை மிதித்தாள், கிளட்சை மறந்தாள். வண்டி அணைந்தது.

அப்போதுதான் அவருக்கு உச்சிக்கு ஏறியது. இந்தக் காலிச் சாலையில் எத்தனை வாரம் உருட்டினாலும் இவளுக்குப் புத்தி வரப்போவதில்லை என்று தோன்றியது. நாலு வண்டி முன்னாலும் நாலு வண்டி பின்னாலும் வந்தால்தான் கவனம் வரும். “பாலத்துக்கு விடு” என்றார்.

“இன்னிக்கே வேணுமா?” என்றாள் மனைவி.

“வேற என்னிக்கு? தேர்வுல மேட்டுல நிறுத்தி எடுக்கச் சொல்லுவான். அங்க போயி சரிப்பான்னு சொன்னா விட்டுருவானா?”

ரயில் பாதைக்கு மேலே ஏறி இறங்கும் பாலம் அது. அகலம் குறைவு. ஏறும்போது எதிர்ப்பக்கம் தெரியாது, வானம்தான் தெரியும். மகள் முதல் கியரிலேயே ஏற ஆரம்பித்தாள். இன்ஜின் அலறியது. அவர் செகண்ட் போடச் சொல்ல வாயைத் திறந்து, மேட்டில் வேண்டாம் என்று மூடிக்கொண்டார். பாதி ஏறியிருப்பார்கள். உச்சியில் ஒரு பஸ், நிறுத்தக் கூடாத இடத்தில் நின்று, மூட்டைமுடிச்சோடு ஒரு குடும்பத்தை இறக்கிக்கொண்டிருந்தது. முன்னால் போன வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. மகளும் நிறுத்தினாள். அழகாகத்தான் நிறுத்தினாள். பின்னால் மூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். பின்கண்ணாடி முழுவதையும் ஒரு லாரியின் முகப்பு அடைத்துக்கொண்டு நின்றது.

பஸ் நகர்ந்தது. முன்வண்டிகள் நகர்ந்தன. மகள் கிளட்சை விட்டாள். வண்டி குலுங்கி அணைந்து, பின்னால் உருள ஆரம்பித்தது. மனைவி கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டு “ஐயோ” என்றாள். அவர் இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே பாய்ந்து கைப்பிரேக்கை இழுத்தார். லாரி ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று என்று பாலம் முழுக்க ஹாரன்.

“எடு. பதறாத. கைப்பிரேக் போட்டிருக்கு. கிளட்சைப் பாதி விடு, சத்தம் மாறும் பாரு, அப்ப ஆக்ஸிலேட்டர் குடு, அப்புறம் பிரேக்கை இறக்கு.” அவர் பதறாமல் சொல்வதாகத்தான் நினைத்தார். அவருடைய குரல் அவருக்கே விசில் சத்தம்போலக் கேட்டது. அவள் எடுத்தாள், அணைந்தது. எடுத்தாள், அணைந்தது. ஒவ்வொரு முறையும் சாவியைத் திருப்புவதற்கு முன் அவள் கண் கண்ணாடிக்குப் போய்வந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு மிச்சம் இருந்த பொறுமையும் போனது. கதவைத் திறந்து இறங்கினார். முன்கதவுக்கு வந்து அதைத் திறந்தார்.

“இறங்கு.”

“அப்பா…”

“இறங்குன்றேன்ல. நான் எடுத்து அந்தப் பக்கம் விட்டுட்டுத் தர்றேன். ரெண்டு நிமிஷ வேலை.”

மகள் இறங்கவில்லை. சாவியைத் திருப்பி உருவி, கைக்குள் பொத்திக்கொண்டாள். அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். சின்ன வயதில் மருந்து குடிக்க மறுத்து வாயை மூடிக்கொள்வாளே, அதே முகம். கண்ணில் தண்ணீர் நின்றது, இறங்கவில்லை.

“தர மாட்டேன். நீங்க ஓட்டக் கூடாது.”

“ஊரே நம்மளைப் பாக்குது. சாவியைக் குடு.”

“பாக்கட்டும்.”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் வழக்கமாக இந்த இடத்தில் சமாதானமாக ஏதாவது சொல்வாள். இப்போது கைப்பையின் வாரைப் பிடித்தபடி, “அவ சொல்றது சரிங்க” என்று மட்டும் சொன்னாள்.

லாரிக்காரர் இறங்கி வந்துவிட்டார். கழுத்தில் துண்டு, சட்டைப்பையில் பேனாவும் மூக்குக் கண்ணாடியும். கோபமாகத்தான் வந்தார். சிவப்பு ‘எல்’ எழுத்து ஒட்டியிருப்பதையும் உள்ளே சிறுபெண் உட்கார்ந்திருப்பதையும் பார்த்ததும் கோபத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். “என்ன சார், பழகுற வண்டியைக் கொண்டாந்து பாலத்துல ஏத்தலாமா? சரி விடுங்க. நீங்க உக்காந்து எடுத்துருங்க. பாப்பா, அப்பாவுக்கு இடம் விடும்மா.”

“இல்ல… என்னால முடியாது” என்றார் அவர்.

“ஓட்டத் தெரியாதா உங்களுக்கு?”

இடுப்பு வலி என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. இடுப்பு வலிக்காரன் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து ஒரு வண்டியை மேடேற்ற முடியாதா என்று அடுத்து கேட்பார். கேட்டால் என்ன சொல்வது? ஹாரன்கள் ஓயவில்லை. மகள் கையின்மேல் உட்கார்ந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும். எனக்கு வலிப்பு வரும். ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

சொன்ன பிறகு அவருக்குக் காது அடைத்ததுபோல் இருந்தது. நடுப்பாலத்தில், முன்பின் தெரியாத ஓர் ஆளிடம், அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்துவிட்டது. லாரிக்காரர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார். பெரிதாக எதுவும் மாறவில்லை. “அப்படியா” என்றார் லாரிக்காரர். குனிந்து மனைவியைப் பார்த்தார். “அம்மா, நீங்க?”

“எனக்கு லைசென்ஸ் இருக்கு. மேட்டுல எடுக்க மட்டும் வராது.”

“சரியாப் போச்சு.” லாரிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப பாப்பாதான் எடுக்கணும். வேற ஆளில்ல. சீக்கிரம் பாருங்க சார், எனக்கும் சரக்கு இறக்கணும்.” அவர் தன் வண்டிக்குப் போய், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து காரின் பின்சக்கரத்துக்கு அடியில் செருகி, காலால் ஓர் உதை விட்டார். “இனி பின்னால உருளாது. நிதானமா எடும்மா. அணைஞ்சா அணையட்டும், திரும்ப எடு.” பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த பைக்கில் இருந்தவனைப் பார்த்து, “உனக்கு மட்டும்தான் அவசரமா? சந்துல போ!” என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார்.

அவர் காரின் பின்கதவைத் திறக்கப் போனார்.

“அப்பா, நீங்க ஏற வேண்டாம்” என்றாள் மகள். “நடந்து வாங்க.”

“ஏன்?”

“நீங்க பின்னால இருந்தா என்னால ஓட்ட முடியல.”

“கத்தமாட்டேன். வாயைத் திறக்கமாட்டேன், போதுமா?”

“கத்துறதுக்கு இல்லப்பா.” அவள் கண்ணாடியைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னாள். “நீங்க பேசிக்கிட்டே இருந்தா பயம் இல்ல. பேச்சு நின்னா உடனே பாப்பேன். அன்னைக்கும் பேசிக்கிட்டேதான் இருந்தீங்க. சர்க்கரை எங்கன்னு கேட்டீங்க. நான் எடுத்துக்கிட்டுத் திரும்பினா நீங்க பேசல. வாய் ஒரு பக்கமா இழுத்துச்சு.”

அவர் குனிந்து அவள் தோளுக்கு மேலாகக் கண்ணாடியைப் பார்த்தார். அது பின்கண்ணாடியைக் காட்டவில்லை, சாலையையோ லாரியையோ காட்டவில்லை. கீழ்நோக்கிச் சாய்ந்திருந்த அதில் பின்சீட்டின் நடுப்பகுதி தெரிந்தது. அவர் இத்தனை வாரமாக உட்கார்ந்து உட்கார்ந்து கசங்கிப்போயிருந்த உறை தெரிந்தது.

கோபம் இன்னும் உடம்பில்தான் இருந்தது, போக இடம் தெரியாமல் நின்றது. கையை உள்ளே விட்டுக் கண்ணாடியைப் பிடித்து மெதுவாக மேலே திருப்பினார்.

“என்ன தெரியுது?”

“லாரி.”

“அதான் தெரியணும்” என்றார். கதவைச் சாத்தினார்.

மகள் சாவியைப் போட்டாள். கியர்க் கம்பை ஆட்டிப் பார்த்தாள். ஆடியது. இன்ஜின் உறுமியது. அவர் கட்டைக்குப் பக்கத்தில் நின்றார். வண்டியின் பின்பாகம் லேசாகத் தாழ்ந்து நடுங்கியது. கிளட்ச் கருகும் வாசனை வந்தது. ‘போதும், பிரேக்கை இறக்கு, இறக்கு’ என்று மனதுக்குள் கத்தினார். அணைந்தது. மறுபடி உறுமியது. மறுபடி அதே வாசனை. சட்டென்று சக்கரம் கட்டையை விட்டு விலகியது. வண்டி துள்ளிக்கொண்டு மேலே போனது. வானத்தை நோக்கிப் போய் உச்சியில் ஒரு கணம் தெரிந்து, அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

அவர் குனிந்து கட்டையை எடுத்தார். அதற்குள் லாரி நகர ஆரம்பித்துவிட்டது. மேட்டில் நிறுத்த முடியாமல் லாரிக்காரர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கீழே வந்து வாங்கிக்கொள்வதாக ஏதோ சைகை காட்டினார். லாரிக்குப் பின்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக அவரைக் கடந்து போயின. சிலர் திட்டினார்கள், சிலர் கையில் கட்டையோடு நிற்பவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் நடைபாதையில் ஏறி நடந்தார். கட்டை கனமாக இருந்தது. மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இந்த மாதிரி மேடுகளில் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

உச்சிக்கு வந்ததும் நின்றார். கீழே சாலை நேராக இறங்கி ஒரு ரவுண்டானாவில் போய் முடிந்தது. அவருடைய வண்டி அதற்குள் புகுந்திருந்தது. இன்னும் முதல் கியர்தான். அந்த அலறல் இங்குவரை கேட்டது. “செகண்ட் போடேன், செகண்ட்” என்று முணுமுணுத்தார். வண்டி ரவுண்டானாவை ஒரு சுற்று சுற்றி, திரும்பி வரவேண்டிய சாலையைத் தாண்டிப் போனது. வெளியே வர இடைவெளி கிடைக்கவில்லையா, பக்கத்தில் இருப்பவள் சொல்லத் தெரியாமல் விட்டாளா, அவருக்குப் புரியவில்லை. இன்னொரு சுற்று வந்தது. இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிந்தது, ஆனால் வண்டி வெளியே வரவில்லை. லாரி வட்டத்தின் வாசலில் நின்று வழி விட்டது. மனைவியின் கை ஜன்னலுக்கு வெளியே நீண்டு, எல்லா வண்டிகளையும் நிற்கச் சொல்வதுபோல் ஆடியது.

அலறல் சட்டென்று இறங்கி, தாழ்ந்த முனகலாக மாறியது. வண்டி மறுபடியும் வளைந்தது. கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் பாலத்தின் உச்சியில் நின்றார். அவருடைய இடது கால் நடைபாதைச் சிமெண்டை அழுத்தி, மெதுமெதுவாக விட்டது.